மாமனாரின் பித்தளை டம்ளரும் தொடப்படாத பீங்கான் மக்கும்

கேள்வி இதுதான்: கும்பகோணத்திலிருந்து சென்னை ஃபிளாட்டுக்கு வந்து உங்களோடு இருக்கும் மாமனார், நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த பீங்கான் மக்கைத் தொடுவதே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பித்தளை டவரா டம்ளரில்தான் காபி வேண்டும் என்கிறார். மக்கில் கொடுத்தால் "சூடே இல்லையேம்மா" என்று பாதியில் வைத்துவிடுகிறார். இது வயதானவர்களின் பிடிவாதமா, இல்லை டம்ளரில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நான் பாத்திரக் கடைக்காரன், அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை. டம்ளர் வாங்க வருகிறவர்களையும், பழைய டம்ளரைப் போட மனசு வராமல் நிற்கிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சூடு. காபி ஆறிப்போகிறது என்று அவர் சொல்வது கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியே உண்மை. நம் வீட்டுக் காபி ஒரு ஆளுக்கு 120 மில்லி இருக்கும். பீங்கான் மக் சாதாரணமாக 300 கிராம் எடை, அலமாரியிலிருந்து எடுக்கும்போது அது அறையின் சூட்டில், அதாவது 30 டிகிரியில் இருக்கிறது. அதில் 80 டிகிரி காபியை ஊற்றினால், அந்தக் கனமான சுவர் தன்னைச் சூடாக்கிக்கொள்ளக் காபியிலிருந்துதான் சூட்டை எடுக்கும். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து நிற்கும்போது சுமார் 63 டிகிரி. அதே காபியை 150 கிராம் பித்தளை டம்ளரில் ஊற்றினால் 75 டிகிரியில் நிற்கும், ஏனென்றால் டம்ளரின் எடை பாதி, ஒவ்வொரு கிராமும் குடிக்கிற சூடும் பீங்கானில் பாதிகூட இல்லை. மக் அதற்குப் பிறகு காபியை நன்றாகவே காப்பாற்றும், வெள்ளைக்காரர்கள் ஒரு மக் நிறைய 300 மில்லி ஊற்றிக்கொண்டு அரை மணி நேரம் வைத்துக் குடிப்பதற்கு அது பொருத்தமான பாத்திரம்தான். நம்முடைய கொஞ்சக் காபிக்கு அது பெரிது. ஊற்றின உடனேயே 17 டிகிரி போய்விடுகிறது, அடுப்படியிலிருந்து ஹாலுக்கு வருவதற்குள் இன்னும் கொஞ்சம். இதுபோக, 300 மில்லி மக்கின் அடியில் 120 மில்லி காபி கிடப்பதைப் பார்த்தாலே அரை டம்ளர் கொடுத்த மாதிரி இருக்கும். ஆசையாகக் காபிக்குக் காத்திருக்கிற மனுஷருக்கு அதுவும் ஒரு குறைதான்.

அடுத்தது டவரா. இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் மக்குக்கும் டவரா டம்ளருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் டம்ளரில் இல்லை, டவராவில் இருக்கிறது. மக்கில் வந்த காபி எந்தச் சூட்டில் வந்ததோ அந்தச் சூடுதான், அதிகமாக இருந்தால் ஊதிக்கொண்டு காத்திருக்க வேண்டும், குறைவாக இருந்தால் அவ்வளவுதான். டவரா இருந்தால் சூட்டைத் தீர்மானிப்பது குடிக்கிறவர். ஒரு ஆற்று, இரண்டு ஆற்று, கையில் டம்ளர் சுடுவதை வைத்தே போதுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். கூடவே நுரை எழும்பும், சர்க்கரை கரையும், அடிக்காபியும் மேல்காபியும் ஒன்றாகும். பல வருஷமாக இந்த வேலையைத் தன் கையால் செய்து, தனக்கு வேண்டிய பதத்தில் குடித்த ஒருவரிடம் ஒரு மக்கை நீட்டும்போது, அந்தத் தீர்மானத்தை அவர் கையிலிருந்து நாம் எடுத்துவிடுகிறோம். ஊரை விட்டு, தெருவை விட்டு, பழகின மனிதர்களை விட்டு வந்து ஒரு அறையில் இருக்கிறவருக்குத் தன் இஷ்டப்படி நடக்கிற காரியங்கள் ஒரு நாளில் எத்தனை மிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

(நடுவில் ஒன்று. மிகவும் சூடாகக் குடிக்கிற பழக்கம் இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. 75 டிகிரியில் வருகிற காபியை நாலு ஆற்று ஆற்றிக் குடிக்கச் சொல்லுங்கள், சரியாக வந்துவிடும்.)

பித்தளைக்கென்று தனியாக ஒரு குணமும் உண்டு. வெப்பத்தைக் கடத்துகிற திறனை எண்ணில் சொன்னால், வாட், மீட்டர், கெல்வின் கணக்கில், பித்தளை 110 சுமார், எவர்சில்வர் 15, பீங்கான் ஒன்றரை. எவர்சில்வர் டம்ளரில் காபி இருக்கிற மட்டம் வரைக்கும் கை வைக்க முடியாது, ஆனால் அதற்கு மேலே விளிம்பு அவ்வளவாகச் சுடாது, பெருவிரலும் நடுவிரலும் வைத்துத் தூக்கிவிடலாம். பித்தளையில் சூடு விறுவிறுவென்று விளிம்பு வரைக்கும் ஏறிவிடும், டவராவுக்கும் இறங்கிவிடும். வெள்ளி இன்னும் மோசம், 420-க்கு மேல், வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தால் புதிதாகக் குடிக்கிறவர்கள் உதட்டைச் சுட்டுக்கொள்வார்கள். அதனால்தான் பித்தளையில் குடித்துப் பழகினவர்கள் உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பார்கள், மடித்த விளிம்பை நுனிவிரலால் பிடிப்பார்கள், கழுத்து வரை ஊற்ற விடமாட்டார்கள். இதெல்லாம் உடம்பு கற்றுக்கொண்ட காரியம். அவர் கையும் கழுத்தும் அந்த ஒரு டம்ளரின் எடைக்கும் வாய் அகலத்துக்கும் படிந்திருக்கிறது. மக்கைப் பிடிக்க வேறு விரல்கள் வேண்டும், தூக்கிக் குடித்தால் அந்தத் தடித்த விளிம்பில் காபி ஒழுங்காகவும் விழாது, தாடையில் வழியும். அவர் அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், "எனக்கு இதுவே போதும்மா" என்று முடித்திருப்பார்.

சரி, ருசி மாறுமா? பாத்திரம் நாக்கை மாற்றும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்லஸ் ஸ்பென்ஸும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே காபியை வெள்ளை, நீலம், கண்ணாடி என்று மூன்று மக்கில் கொடுத்தார்கள். வெள்ளை மக்கில் குடித்தவர்களுக்கு இனிப்பு குறைவாகத் தெரிந்தது, கண்ணாடி மக்கோடு ஒப்பிட்டால் காபி திடமாகவும் பட்டது. காபி ஒன்றுதான், மக்கின் நிறம் மட்டும்தான் வேறு. பித்தளையை அவர்கள் சோதிக்கவில்லை, ஆனால் நிறம் ஒன்று மாறினதற்கே இவ்வளவு என்றால், நிறம், எடை, விளிம்பு, சூடு, வாசனை எல்லாம் ஒரே நாளில் மாறிப்போன ஒருவர் "இது நம்ம காபி மாதிரி இல்லை" என்று சொன்னால் நான் நம்புவேன்.

இப்போது மனசுக்கு வருவோம். பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பிரபலமான சோதனை இருக்கிறது, அதுவும் மக்கை வைத்தே செய்தது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று பேர் 1990-இல் வெளியிட்டார்கள் (கானமன் 2002-இலும் தேலர் 2017-இலும் பொருளாதார நோபல் வாங்கினவர்கள்). கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குக் கல்லூரிக் கடையில் 6 டாலருக்கு விற்கிற காபி மக்கை இலவசமாகக் கொடுத்து, அவர்களிடம் என்ன விலைக்கு விற்பீர்கள் என்றும் மீதிப் பேரிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றும் கேட்டார்கள். மக் கையில் இருந்தவர்கள் கேட்ட விலை 5 டாலரைத் தாண்டியது, இல்லாதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்தது அதில் ஏறக்குறையப் பாதி. கைக்கு வந்து கொஞ்ச நேரம்கூட ஆகாத மக் அது, அதில் யாரும் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. 2008-இல் வந்த இன்னொரு ஆய்வில், ஏலத்துக்கு முன்னால் மக்கை 30 விநாடி கையில் வைத்துப் பார்த்தவர்கள், 10 விநாடி பார்த்தவர்களைவிட அதிக விலைக்குக் கேட்டார்கள். அரை நிமிஷத் தொடுதலுக்கே அப்படி என்றால், உங்கள் மாமனார் எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்த டம்ளரைப் பிடித்திருப்பார்?

ஆனால் இந்தச் சோதனைகள் விலையோடு நின்றுவிடுகின்றன, எனக்கு அது போதவில்லை. எங்கள் கடையில் பழசுக்குப் புதுசு போட்டுக் கொடுப்போம். கல்யாணச் சீர் வாங்க வரும்போது வீட்டில் சும்மா கிடக்கிற பித்தளை, எவர்சில்வர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள், எடை போட்டு அதற்குண்டான தொகையைப் புதுச் சாமானில் கழிப்போம். ஒரு அம்மா மகனோடு வந்திருந்தார்கள், பேத்தி கல்யாணம். அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை எல்லாம் தராசில் ஏறியாகிவிட்டது, நான் எடையைச் சொல்லப் போகிறேன், அந்த அம்மா கையை நீட்டிக் குவியலுக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை மட்டும் எடுத்தார்கள். அடியில் ஒடுக்கு விழுந்த டம்ளர், புள்ளி புள்ளியாக வெட்டின பெயரில் முதல் எழுத்து தேய்ந்தே போய்விட்டது, சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வந்த தேய்மானம். "நூறு கிராம்கூட வராதும்மா, இதை வச்சு என்ன பண்ணப் போற" என்றார் மகன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை, முந்தானையால் ஒரு துடை துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். நான் எடையைத் திரும்பப் போட்டேன். இது மாதிரி அடிக்கடி நடக்கும். யாரும் அண்டாவைத் திரும்ப எடுத்ததில்லை, தட்டைக்கூட அபூர்வமாகத்தான் எடுப்பார்கள், திரும்ப எடுப்பது எப்போதும் டம்ளர்தான். அண்டா வீட்டுக்குச் சொந்தம். டம்ளர் ஒரு ஆளுக்குச் சொந்தம், அந்த ஆள் போன பிறகும் அது அவருடைய டம்ளராகவே இருக்கும்.

அந்த வெட்டின பெயருக்கும் இதில் பங்கு உண்டு. உளியும் சுத்தியும் வைத்துப் புள்ளி அடித்த காலம் போய், கரண்ட் மெஷினில் எழுதுகிற காலம் வந்தும், பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவது நிற்கவில்லை. கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பெயர், தேதி, குழந்தையின் பெயர் என்று எல்லா வீட்டு அலமாரியிலும் டம்ளர்கள் ஒரு சின்னக் குடும்பக் கணக்கை வைத்திருக்கும். சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தியைத் தொடங்கினதையொட்டின வருஷங்களில் எவர்சில்வர் வீட்டுக்கு வீடு பரவியது, துலக்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம் என்று மூட்டை மூட்டையாகப் பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போனார்கள். அப்படிப் போட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று நெடுஞ்சாலையில் டிகிரி காபிக் கடைகளில் பித்தளை டவராவைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து அதே மாதிரி கேட்கிறார்கள். உங்கள் மாமனார் அந்த அலையிலும் தன் டம்ளரைப் போடாமல் வைத்திருக்கிறார். அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

டம்ளர் பற்றிப் பேசும்போது இதையும் பேசாமல் விட்டால் எனக்கு மனசு ஒப்பாது. "எனக்கென்று ஒரு டம்ளர்" என்பது ஆசை. "உனக்கென்று ஒரு டம்ளர்" என்று அடுத்தவருக்கு ஒதுக்குவது நம் ஊரில் வேறு விஷயம். டீக்கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்த ஊர் இது, சட்டம் எப்போதோ வந்தும் அது முழுசாகப் போய்விடவில்லை, 2022 டிசம்பரில்கூட புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் ஒரு டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்ததற்காக வழக்குப் பதிவானது. கடையில் என்னிடம் "வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்குத் தனியா ரெண்டு டம்ளர் குடுங்க, மட்டமா இருந்தாப் போதும்" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள், படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். எல்லோரும் குடிக்கிற டம்ளரில்தானே கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வேன், சிலர் முகம் சுளித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள், போகட்டும். இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், மாமனார் டம்ளரை அவர் விருப்பத்துக்காகத் தனியாக வையுங்கள், அது அவருடைய உரிமை, ஆனால் "பெரியவர் டம்ளர் தனி" என்று அது ஒதுக்கி வைக்கிற காரியமாக மாறிவிடக் கூடாது. வயதானவர்கள் எச்சில், இருமல் என்று சில வீடுகளில் அப்படியும் நடக்கிறது. மற்ற சாமானோடு சேர்ந்தே கழுவுங்கள், அதே அலமாரியில் வையுங்கள்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. மக் என்றால் மைக்ரோவேவில் வைத்து ஒரு நிமிஷத்தில் சுட வைத்துக் கொடுத்துவிடலாம், பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாம். பித்தளையை இரண்டிலும் வைக்கக் கூடாது. அலுவலகம் கிளம்புகிற அவசரத்தில் காலையில் இது தொல்லைதான். காபியை வேறு கிண்ணத்தில் சுட வைத்து டம்ளருக்கு மாற்றிக் கொடுங்கள், கழுவுவதை அவரிடமே விட்டுப் பாருங்கள். பித்தளைக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் டம்ளரைத் தாங்களே புளி போட்டுத் துலக்கிக்கொள்ளத்தான் விரும்புவார்கள். மக்கைத்தான் அவர் பயன்படுத்த வேண்டும் என்ற நாள் எப்போதாவது வந்தால், ஊற்றுவதற்கு முன்னால் மக்கை வெந்நீர் விட்டு அலசிவிட்டு ஊற்றுங்கள், அந்த 17 டிகிரியில் பெரும்பகுதி மிச்சமாகும், கூட ஒரு டவராவும் வையுங்கள். 150 மில்லிக்குச் சின்ன மக்குகளும் கிடைக்கின்றன.

டம்ளரை மாற்றியே ஆக வேண்டிய காரணங்களும் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். கை நடுக்கம் வந்துவிட்டால் சுடச்சுடப் பித்தளை ஆபத்து, பாதி பாதியாக ஊற்றிக் கொடுங்கள், அதுவும் முடியாமல் போனால் இரட்டைச் சுவர் உள்ள எவர்சில்வர் டம்ளர் அதே உருவத்தில், அதே மடித்த விளிம்போடு வருகிறது, கைக்குப் பழகின வடிவம் என்பதால் ஏற்றுக்கொள்வார்கள். பார்வை மங்கினவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் நிறம் உதவும். அமெரிக்காவில் முற்றிய அல்சைமர் நோயாளிகளிடம் செய்து 2004-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், வெள்ளைக்குப் பதில் பளிச்சென்ற சிவப்பு நிறத் தட்டும் கோப்பையும் கொடுத்தபோது அவர்கள் குடித்த அளவு 84 சதவீதம் கூடியது. உங்கள் மாமனாருக்கு இப்போது இதெல்லாம் தேவைப்படுகிற மாதிரி நீங்கள் எழுதினதில் தெரியவில்லை.

கடைசியாக, அந்த டம்ளரை ஒரு தடவை வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள், இது அவசியம். பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று ஈயம், அதாவது வெள்ளீயம், பூசியிருக்க வேண்டும். மஞ்சள் தெரிந்தாலோ, பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தாலோ அதில் மோர், எலுமிச்சை ஜூஸ், ரசம் எதுவும் ஊற்றக் கூடாது, புளிப்பு பட்டால் செம்பு கரைந்து இறங்கும். பால் காபிக்கு அவ்வளவு வேகம் இல்லை, ஆனாலும் தினமும் குடிக்கிற டம்ளர், அதனால் ஈயம் பூசாமல் விடாதீர்கள். பழைய பித்தளைப் பாத்திரக் கடைகளில் கேட்டால் பூசுகிறவரைச் சொல்வார்கள், சென்னையில் கிடைக்காவிட்டால் கும்பகோணம் போகும்போது கொடுத்து வாங்கலாம். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் போட்டு, வெள்ளீயத்தைத் தேய்த்துத் துணியால் துடைத்து எடுப்பார்கள், சின்ன வேலைதான். காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயமா என்று கேட்டு, நம்பிக்கையான ஆளிடம் மட்டும் கொடுங்கள். ஒடுக்கு இருந்தால் அப்போதே தட்டி எடுத்துவிடச் சொல்லலாம், ஆனால் அதற்கு முன்னால் மாமனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்கு விரல் பதிகிற இடமே அந்த ஒடுக்குதான். டவராவையும் சேர்த்தே கொடுத்து அனுப்புங்கள். அது திரும்பி வரும் வரைக்கும் அவருக்குக் காபி கொடுக்க எவர்சில்வரில் ஒரு டவரா செட் எடுத்து வையுங்கள், மக் வேண்டாம்.